பத்து விருந்தாளி, ஒரே இலை

நல்ல படம் ஒன்று ஓடிவிட்டால், அதற்கு இரண்டாம் பாகம் எடுக்காமல் ஹாலிவுட்காரர்களுக்குத் தூக்கம் வராது. அதில் தவறொன்றும் இல்லை. முதல் பாகத்தில் எது நன்றாக இருந்தது என்று எடுத்தவர்களுக்கே தெரியாமல் போய்விடும்போதுதான் வருத்தம் வருகிறது. 2010-ல் வந்த ‘ரெட்’ படத்தையும், 2013-ல் வந்த ‘ரெட் 2’ படத்தையும் அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பார்க்க நேர்ந்தது. முதல் நாள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மறுநாள் பாதியிலேயே ஆளுக்கொரு வேலையாக எழுந்து போனார்கள். ஏன் இப்படி என்று யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

‘ரெட்’ என்பது நிறத்தின் பெயரல்ல. ‘ரிடயர்டு, எக்ஸ்ட்ரீம்லி டேஞ்சரஸ்’ என்பதன் முதலெழுத்துகள். ஓய்வு பெற்றவர், ஆனால் மிகவும் ஆபத்தானவர் என்று அர்த்தம். வாரன் எல்லிஸ் எழுதி, கல்லி ஹேம்னர் வரைந்த ஒரு சிறிய சித்திரக் கதைதான் இதற்கு மூலம். அது கடுமையான கதை. அதைச் சிரிப்புப் படமாக மாற்றியவர்கள் ஹோபர் சகோதரர்கள் இருவர். இரண்டு படங்களுக்கும் அவர்கள்தான் திரைக்கதை. ஆகையால் எழுத்தாளர் மாறியதால் படம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. டைரக்டர் மட்டும் மாறினார். முதல் படம் ராபர்ட் ஷ்வென்ட்கே; இரண்டாவது டீன் பாரிஸோ. பாரிஸோவும் லேசுப்பட்டவரல்ல. 1999-ல் ‘காலக்ஸி க்வெஸ்ட்’ என்ற அருமையான நகைச்சுவைப் படத்தைக் கொடுத்தவர்.

முதல் படம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஃப்ராங்க் மோசஸ் (ப்ரூஸ் வில்லிஸ்) சி.ஐ.ஏ.விலிருந்து ஓய்வு பெற்றவர். தனி வீடு, தனி ஆள். சுற்றிலும் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் அலங்காரம். இவருக்குப் பேசக்கூட ஆளில்லை. மாதாமாதம் பென்ஷன் செக் வருகிறது. வந்த செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, கான்ஸஸ் நகரத்தில் இருக்கும் பென்ஷன் ஆபீசுக்கு போன் செய்து, ‘செக் வரவில்லை’ என்கிறார். அங்கே போனை எடுக்கும் ஸாரா என்ற பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காகத்தான் இத்தனையும்.

நம் சங்கத்தில் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்த இடம் விளக்கம் இல்லாமலே புரியும். வருஷா வருஷம் நவம்பர் மாதத்தில் ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சான்றிதழ் கொடுக்க பாங்க்குக்குப் போனால், வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அங்கே பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். செக்கைக் கிழித்தவரின் மனசு நமக்கு அன்னியமில்லை.

அந்தப் படத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு ‘பிற்கால வாழ்க்கை’ இருக்கிறது. ஜோ (மார்கன் ஃப்ரீமன்) ந்யூ ஆர்லியன்ஸில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஈரலில் புற்றுநோய். மார்வின் (ஜான் மால்கோவிச்) அரசாங்கத்தின் மருந்துப் பரிசோதனையில் மூளை கலங்கிப் போனவர். எல்லாரையும் சந்தேகிப்பார், வேடிக்கை என்னவென்றால், அவர் சந்தேகப்படுவது அநேகமாகச் சரியாக இருக்கும். விக்டோரியா (ஹெலன் மிர்ரன்) சிறிய விடுதி ஒன்றை நடத்திக்கொண்டு, பூச்சாடியில் பூ அடுக்கிக்கொண்டிருக்கிறார். பழைய தொழிலை அடியோடு விட மனம் வராமல், இடையிடையே கொலை வேலையும் ஏற்றுக்கொள்கிறார்! ரஷ்ய உளவாளி ஐவனுக்கும் (ப்ரையன் காக்ஸ்) அவருக்கும் ஒரு பழைய காதல். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், விக்டோரியா அவரை மார்பில் மூன்று முறை சுட்டுவிட்டார். தலையில் சுடாமல் மார்பில் சுட்டாளே, அதிலிருந்தே அவளுடைய காதல் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது ஐவனின் வாதம். இரண்டு நிமிஷப் பேச்சுதான். ஆனால் இரண்டு பேருடைய முப்பது வருஷக் கதை அதில் வந்துவிடுகிறது.

1956-ல் ஆஸ்கர் வாங்கிய எர்னஸ்ட் போர்க்னைன், அந்தப் படம் வந்தபோது 93 வயதுக்காரர், சி.ஐ.ஏ.வின் ரகசியக் கோப்பறையைக் காக்கும் கிழவராக வருகிறார். சிறிய வேடம். ஃப்ராங்க் உள்ளே வந்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிகிறது. கொஞ்ச நேரமே வந்தாலும் அந்த மனிதர் நினைவில் நிற்கிறார். பெரிய நடிகருக்கு நீளமான வேடம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அவர் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். (முதல் படத்திலும் ரிச்சர்ட் ட்ரைஃபஸை வீணாக்கித்தான் இருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுவது நியாயம்.)

அந்தப் படத்துக்கு ஆன செலவு 6 கோடி டாலருக்கும் குறைவு. உலகம் முழுவதும் சேர்த்து வசூல் சுமார் 20 கோடி. கோல்டன் க்ளோப் விருதுக்கு, நகைச்சுவைப் பட வரிசையில், பரிந்துரையும் கிடைத்தது. ஆகவே இரண்டாம் பாகம். செலவு 8 கோடிக்கு மேல். ஃப்ரீமன் பாத்திரம் முதல் படத்திலேயே இறந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப ஆந்தனி ஹாப்கின்ஸ், காதரீன் ஸீட்டா-ஜோன்ஸ், கொரிய நட்சத்திரம் லீ ப்யுங்-ஹுன், டேவிட் த்யூலிஸ் என்று ஒரு பட்டியலே வந்து இறங்கியது. போஸ்டரைப் பார்த்தவர்களுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

கதை இதுதான். 1979-ல், பனிப்போர் காலத்தில், ‘நைட்ஷேட்’ என்ற பெயரில் ஓர் அணுகுண்டு துண்டு துண்டாக ரஷ்யாவுக்குள் கடத்தப்பட்டதாம். அந்த விவரம் இப்போது கசிந்துவிடுகிறது. அதில் ஃப்ராங்குக்கும் மார்வினுக்கும் பங்கு உண்டு என்று சந்தேகப்பட்டு, அமெரிக்கா ஒரு கொலையாளியை அனுப்புகிறது. பிரிட்டன் விக்டோரியாவையே அனுப்புகிறது. பிறகு பாரிஸ், லண்டன், மாஸ்கோ, மறுபடி லண்டன். ஊருக்கு ஊர் துப்பாக்கிச் சத்தம். முதல் படத்தில் ஊர் மாறும்போதெல்லாம் தபால் அட்டைப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். ஓய்வு பெற்றவர் யாத்திரை போவதுபோல் இருக்கும். இரண்டாவதில் அந்த இடத்தில் சித்திரக் கதைக் கட்டங்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் எடுத்தவர்களின் கவனம் எங்கே போய்விட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆரம்பம் என்னவோ நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஃப்ராங்கும் ஸாராவும் பெரிய மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வண்டி தள்ளிக்கொண்டு சாமான் வாங்குகிறார்கள். ஃப்ராங்க் குடும்பஸ்தராகிவிட்டார், ஸாராவுக்கோ அலுப்பு. ஆபத்து வேண்டாம் என்கிற காதலர், ஆபத்து வேண்டும் என்கிற காதலி! இதை வைத்தே ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். அரைமணி நேரத்தில் அதை ஓரங்கட்டிவிட்டு, ஸீட்டா-ஜோன்ஸைப் பழைய காதலியாகக் கொண்டுவந்து ஸாராவுக்குப் பொறாமை மூட்டுகிறார்கள். 2002-ல் வந்த ‘சிகாகோ’வுக்காக ஆஸ்கர் வாங்கியவர் இந்த அம்மாள். இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு மயக்கப் பார்வை, சில துரோகங்கள், கடைசியில் ஒரு குண்டு. ஐவனாக வரும் ப்ரையன் காக்ஸும் தலைகாட்டிவிட்டுப் போகிறார். லீ ப்யுங்-ஹுன் சண்டையில் புயல். ஆனால் ஃப்ராங்க் மேல் அவருக்குள்ள பழைய பகையை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுவதால், அவருடைய விமானம் களவு போகும் இடம்தான் நமக்கு அதைவிடப் பெரிய துக்கமாகப் படுகிறது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஹாப்கின்ஸ் விஷயத்தில்தான். அவர் ஏற்றிருப்பது டாக்டர் பெய்லி என்ற விஞ்ஞானி வேடம். அந்தக் குண்டைச் செய்தவரே இவர்தான். இறந்துவிட்டதாக உலகம் நினைத்துக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் உளவுத்துறை இவரை 32 வருஷங்களாக ஒரு மனநோய் விடுதியில் பூட்டி வைத்திருக்கிறது. தடுமாறுகிற பார்வையோடு, பாதி ஞாபகம் பாதி மறதியாக அவர் வெளியே வரும்போது நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அரசாங்கம் வேலை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் மூலையில் தள்ளி மறந்துவிட்ட மனிதர் என்றால், முதல் படத்தில் வந்த அத்தனை பேருக்கும் இவர் அண்ணன் அல்லவா? ஃப்ராங்கும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும், படம் எழுந்து நின்றிருக்கும். அதைச் செய்யாமல், மறதியெல்லாம் பாசாங்கு, இவர்தான் வில்லன் என்று திருப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் துரத்துவதும்தான். அதற்கு ஹாப்கின்ஸ் எதற்கு? சம்பளம் குறைவான எந்த நடிகரும் ஓடியிருப்பார்.

இன்னொரு வேடிக்கை. ஹானிபல் லெக்டர் என்ற நரமாமிச டாக்டராக 1986-ல் முதலில் நடித்தவர் ப்ரையன் காக்ஸ். 1991-ல் நடித்து ஆஸ்கர் பெற்றவர் ஹாப்கின்ஸ். இரண்டு லெக்டர்களும் ஒரே படத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பொருத்தத்தை வைத்து ஒரு சிரிப்பாவது சிரிக்க வைத்திருக்கலாம்.

நல்ல இடங்களே இல்லை என்று சொன்னால் பாவம். அந்த மனநோய் விடுதிக்குள் நுழைவதற்காக ஹெலன் மிர்ரன், ‘நானே இங்கிலாந்து ராணி’ என்று பிதற்றுகிற இடம் இருக்கிறது. 2006-ல் எலிசபெத் ராணியாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் அதைச் செய்யும்போது சிரிப்பு தானாக வருகிறது. லீ ப்யுங்-ஹுன் காரைச் சுழற்றி ஓட்ட, இரண்டு பக்கத்து ஜன்னல் வழியாகவும் கைக்கொரு துப்பாக்கியாக மிர்ரன் சுடும் காட்சியும் கண்ணுக்கு விருந்து. மால்கோவிச் எந்தப் படத்திலும் சோடை போகிறவரல்ல. இதிலும் அவர் முகத்தைப் பார்த்தே பாதிப் படத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் இவர்கள் மூவரும் தங்கள் சாமர்த்தியத்தால் சிரிக்க வைக்கிறார்களே தவிர, கதை அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை.

இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவான படத்தில் பெரிய நடிகர்கள் பத்துப் பேர் என்றால் ஒருவருக்குச் சராசரி பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதில் பாதியைத் துரத்தலும் வெடியும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் யார், எங்கிருந்து வந்தார், என்ன வேண்டும் என்று சொல்லவே நேரம் சரியாகிவிடும். நடிப்பதற்கு எங்கே இடம்? முதல் படத்திலும் கூட்டம்தான். ஆனால் ‘ஓய்வு பெற்றவர்’ என்ற ஒரு சொல்லே அவர்கள் எல்லோரையும் அறிமுகப்படுத்திவிட்டது. இரண்டாம் படத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். யாரும் ஓய்வு பெற்றவராகவே நடந்துகொள்வதில்லை. ஊர் ஊராய்ப் பறக்கிற சாதாரண உளவாளிகள் ஆகிவிட்டார்கள். ஜனங்களும் இதைக் கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது. செலவு கூடியும் வசூல் 15 கோடி டாலரை எட்டவில்லை. மூன்றாம் பாகம் வரவில்லை.

ப்ரூஸ் வில்லிஸுக்குப் பேச்சுத் திறனைப் பாதிக்கும் நோய் வந்திருப்பதாகவும், அவர் நடிப்பிலிருந்து விலகுவதாகவும் 2022 மார்ச்சில் குடும்பத்தார் அறிவித்தார்கள். மறுவருஷம், மூளை நரம்புகள் தேய்கிற மறதி நோய் என்று தெரிவித்தார்கள். அது தெரிந்த பிறகு முதல் படத்தின் அந்த போன் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தோம். செக்கைக் கிழித்த கையோடு, ஒன்றும் தெரியாதவர்போல், ‘இந்த மாதமும் வரவில்லையே’ என்கிறார் மனிதர். மறுமுனையில் அந்தப் பெண் சிரிக்கிறாள். அவர் முகத்தில் வருகிற அந்தச் சின்ன வெளிச்சத்துக்காக டிவிடியை இன்னும் வைத்திருக்கிறோம். இரண்டாம் பாகத்தை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள்; திருப்பிக் கேட்கவில்லை.