சுவரேறிய கற்சிற்பம்

கண்டி மாநகரிலும் பேராதனைப் பக்கத்திலும் அண்மையில் எழுந்த வீடுகள் சிலவற்றுட் புகுவார்க்கு ஒரு புதுமை புலனாகும். முன்னர்க் குடும்பப் படங்களும் நாட்காட்டித் தெய்வங்களும் இருந்த சுவர்களில், இன்று பழங் கற்சிற்பங்களின் பெரிய அச்சுப்படங்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. சந்திரவட்டக்கல், காவற்கல், ஆடல்மகளிர், மத்தளம் கொட்டுவோர் என அவை பலவகைப்படும். இவ்வழக்கம் எனக்கு உவப்பானதே. ஆயினும் “இஃது எவ்விடத்துச் சிற்பம்?” என வினவுங்கால், “ஏதோ பழைய கோயிலாம், கடையில் வாங்கினோம்” என்ற விடையையே பெரும்பாலும் கேட்கின்றேன். பெயர் அறியாத விருந்தினரை நடுவீட்டில் இருத்தியது போன்றதன்றோ இது?

கண்டியில் வாழும் தமிழர்க்கு இவ்வினா வெறும் அழகுப் பொருள் பற்றியதன்று. கொழும்பு வீதியிற் பிலிமத்தலாவையில் திரும்பிச் சிறிது தூரம் சென்றால், கற்பாறையொன்றின்மீது கடலாதெனிய விகாரை நிற்கக் காணலாம். கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில் எழுந்தது அது. உள்ளே புத்த பெருமான் வீற்றிருக்கின்றார். புறத்தேயோ அதிட்டானமும் தூணும் கல்மண்டபமும் தமிழகத்துக் கோயிலொன்றன் முன் நிற்பதாகவே எண்ணச் செய்கின்றன. வியப்பதற்கில்லை. அதனைச் சமைத்த தலைமைச் சிற்பி தென்னாட்டினனாகிய கணேஸ்வராசாரி. அவன் பெயரை அவ்விடத்துப் பாறைக் கல்வெட்டே பொறித்து வைத்திருக்கின்றது. அதே ஆண்டிலே அயலில் எழுந்தது லங்காதிலக விகாரை. அதன் சிற்பி ஸ்தபதிராயர். அங்குச் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் சாசனம் உண்டு. மன்னனும் அமைச்சனும் சிற்பிக்கு இவ்வளவு மதிப்பு அளித்திருக்க, நாம் அவன் வேலையைச் சுவரிலே மாட்டிப் பெயரை மட்டும் கடையிலேயே விட்டு வருகின்றோம்!

இப்பெயர்களை மறவாது போற்றுதற்கு வழிகாட்டிய பெரியார் நமக்கு உளர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இற் கொழும்பிலே பிறந்தவர். கனிப்பொருள் ஆய்வின் பொருட்டு ஊரூராய்ச் சென்ற அவர், கண்டி நாட்டுக் கைவினைகளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் இங்கிலாந்திலே, வில்லியம் மொறிஸ் சோசரின் நூலை அச்சிட்ட அதே பொறியில், 425 படிகளே அச்சாயிற்று. அதிலுள்ள நிழற்படங்கள் பல அவர்தம் துணைவியார் எதெல் எடுத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை எஞ்சியிருந்த கலையையும் அவர் ‘மத்தியகாலம்’ என்றே வழங்கினார். ஆண்டுக்கணக்கை அன்று, கைவினைஞர் தம் மரபு பிறழாது தொழில் செய்த வாழ்வுமுறையையே அச்சொல்லாற் குறித்தார். அந்நூற் படம் ஒவ்வொன்றும் இன்னது, இவ்விடத்தது என்ற குறிப்போடு நிற்பது.

படம் தெரிவதிலும் சில நுணுக்கங்கள் உள. உச்சி வெயிலில் எடுத்த படத்திற் சிற்பம் தட்டையாய்க் கிடக்கும். காலை மாலைச் சாய்வொளியே உளியின் தடத்தை எழுப்பிக் காட்டும். படத்திலே ஒளி இடப்புறமிருந்து வீழ்ந்திருப்பின், இடப்புறம் சாளரம் அமைந்த சுவரில் அதனை மாட்டுக. கல் புடைத்தெழுவது போலத் தோன்றும். கண்டியின் மாரிக்காலத்துக்கு ஒரு சொல்: சட்டத்தின் பின்னே நான்கு மூலையிலும் தக்கைத்துண்டு வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடாவிடிற் பூஞ்சணம் பூக்கும்.

இடவல மாற்றத்தையும் நோக்குதல் வேண்டும். அன்பர் ஒருவர் இல்லத்திற் சோழநாட்டுக் கூத்தப்பெருமான் சிற்பத்தின் படம் கண்டேன். அச்சிட்டோர் படத்தைப் புறம்மாற்றி அச்சிட்டமையால் இறைவன் வலத்தாளைத் தூக்கி நின்றான்! மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டுமே கால்மாறி ஆடியவன், கண்டியில் ஒரு கடைக்காரரின் பொருட்டும் ஆடினான் போலும்.

நிழற்படம் போதாதென்று, கல்லின்மேல் தாளை ஒற்றி மை தடவிப் படியெடுக்க விழைவோரும் உளர். கல்வெட்டாய்வார்க்கு அது இன்றியமையாத முறையே. ஆனால் அதனை வீட்டலங்காரத்துக்காகச் செய்தல் தகாது. பாங்கொக் நகரத்து வாட் போ விகாரையில் இராமகாதை செதுக்கிய 152 சலவைக்கற் பலகைகளிலிருந்து ஒரு காலத்திற் படியெடுத்து விற்றனர். கல் பழுதுறுவது கண்டு அது நிறுத்தப்பட்டது. இப்பொழுது விற்பவை வார்ப்புப் பிரதிகளினின்று எடுத்தவை. நம் நாட்டிலும் தொல்பொருட் சின்னங்களைக் காக்க 1940ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. திணைக்களத்தின் அனுமதியின்றி அவற்றிற் கைவைக்கலாகாது.

ஆகவே நல்ல நிழற்படமே நமக்கு அமையும். வாங்கும்போதே இடத்தைக் கேட்டறிந்து, ‘கடலாதெனிய, 1344, கணேஸ்வராசாரி’ என்றாற்போல ஒரு வரி எழுதி வைக்கலாம். பின்புறத்தில் அன்று, கண்ணாடிக்குள்ளே, படத்தின் கீழ்விளிம்பில், சிறுவர் கண்ணுக்கும் எட்டுமாறு.