கேளாமல் வந்த காவற்காரன்

சம்பாப் பருவத்தில் யூரியா வாங்கச் சென்ற தஞ்சைத் தரணி விவசாயி எவருக்கும் 'இணைப்புப் பொருள்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மூட்டை ஒன்று கேட்டால், நுண்ணூட்டப் பொட்டலம் ஒன்றையும் பெயர் தெரியாத திரவக் குப்பி ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் மூட்டை கிடைக்கும் என்று சில கடைகளில் சொல்வதுண்டு. இவ்வாறு கட்டாயப்படுத்தினால் உரிமம் ரத்தாகும் என்று வேளாண்மைத் துறையினர் பலமுறை எச்சரித்திருக்கின்றனர். குப்பியில் உள்ள மருந்து பயனற்றது என்பதன்று விவசாயியின் குறை. சில வயல்களுக்கு அது அவசியமாகவும் இருக்கலாம். தமக்கு வேண்டியது எது என்று தீர்மானிக்கும் உரிமை தம்மிடமிருந்து பறிக்கப்படுகிறதே என்பதுதான் குறை.

இதே வழக்கம் இப்பொழுது நம் சங்கங்களின் கணக்கறைக்குள்ளும் வேறோர் உருவில் நுழைந்திருக்கிறது. கணினியில் உள்ள கணக்குகளுக்கு நகல் எடுத்து வைக்கும் மென்பொருளை வாங்கப் போனால், வைரஸ் தடுப்பு மென்பொருளையும் அதனுடன் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். 'சேர்ந்து வந்தால் நல்லதுதானே, ஒரு விலைக்கு இரண்டு பொருள்' என்று அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். நிர்வாகக் குழுக்கள் பலவும் அவ்வாறே எண்ணித் தீர்மானம் நிறைவேற்றுகின்றன. ஆனால் இந்தச் சேர்க்கையினால் நகலே இல்லாமற் போகக்கூடும் என்பதை என் சரகத்திலேயே நான் காண நேர்ந்தது. அதைச் சொல்லுமுன் நகலைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நகல் எடுத்து வைப்பது நமக்குப் புதிய விஷயமன்று. நிலப் பத்திரத்தைப் பதிவு செய்தால் அதன் படி ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கிவிடுகிறது. வீட்டிலுள்ள மூலத்தைக் கரையான் தின்றாலும் சான்றிட்ட நகல் பெறலாம். திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர், ஜக்கார்டு அட்டைக் கட்டு நைந்து போகுமுன் அதைப் பார்த்து வேறொரு கட்டு குத்தி வைத்துக்கொண்டால்தான் அந்தப் பூவேலை பிழைக்கும். கணினிக் கணக்கின் நகலும் இவ்வளவே. கடன் பேரேடு, நகைக்கடன் பதிவு, பங்குத்தொகைக் கணக்கு ஆகியவற்றை நாள்தோறும் வேறொரு தகட்டில் பிரதி செய்து வைப்பதுதான் அது. நம் பகுதிக்கு இது மிகவும் வேண்டியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையேறிய பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரை பறந்த கட்டடத்தில் நனைந்து கிடக்கும் கணினி மறுபடியும் உயிர் பெறும் என்று நம்பிக் கணக்கு நடத்த முடியாது.

மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருள் ஒன்றன்கீழ்க் கொண்டுவர 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு ஒப்புதல் அளித்ததை வாசகர்கள் அறிவார்கள். அத்திட்டத்தில் சேர்ந்த சங்கத்தின் நடப்புக் கணக்கு மைய இடத்தில் பத்திரமாக இருக்கும். எனினும் பழைய ஆண்டுகளின் பேரேடுகள், நடவடிக்கைக் குறிப்புகளின் படங்கள், நெசவாளர் சங்கங்களில் கணினியில் வரைந்த கரை, முந்தானை மாதிரிகள் ஆகியவை உள்ளூர்க் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு நகல் எடுக்கும் பொறுப்பு சங்கத்தையே சார்ந்தது.

நகல் மென்பொருளுக்குள் காவல் வேலை எப்படி நுழைந்தது என்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் 'வானாகிரை' என்னும் தீய நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கணினிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இவ்வகை நிரல்களைப் 'பணயத் தீநிரல்' எனலாம். இவை மூலக் கணக்கைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. அதே கணினியோடு இணைந்திருக்கும் நகலையும் தேடிப் பிடித்துப் பூட்டுகின்றன. ஆகவே நகல் மென்பொருள் தன் நகல்களைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் வியாபாரிகள் அந்த நியாயத்தோடு நிற்கவில்லை. பெயர்பெற்ற 'அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ்' என்னும் நகல் மென்பொருளின் கதை இதற்கோர் உதாரணம். 2017இல் பணயத் தீநிரலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சேர்ந்தது. பின்னர் முழு வைரஸ் தடுப்பே உள்ளே வந்தது. 2021இல் பெயரே 'சைபர் புரொடெக்ட் ஹோம் ஆபீஸ்' என்று மாறிற்று. ஒருமுறை பணம் கட்டி என்றும் வைத்துக்கொள்ளும் முறை ஒழிந்து, ஆண்டுச் சந்தா முறை வந்தது. 'எமக்கு நகல் மட்டும் போதும்' என்று வாடிக்கையாளர் பலர் குறைப்பட்டனர். 2024இல் பழைய பெயரைத் திரும்பவும் சூட்டினார்கள். பெயர் திரும்பியதேயன்றி, உடன் வந்த காவல் திரும்பிப் போகவில்லை. இந்நிறுவனம் மட்டும் இவ்வாறு செய்கிறது என்று கருத வேண்டாம். இத்தொழிலின் போக்கே இதுதான்.

ஒரே கணினியில் இரண்டு காவற்காரர்கள் இருந்தால் என்ன நேரும்? விண்டோஸ் கணினிகளில் 2012ஆம் ஆண்டு முதல் வைரஸ் தடுப்பு ஒன்று கணினியுடனேயே வருகிறது. அதற்கு மேல் சங்கங்கள் பலவும் தனியாக ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றன. வைரஸ் தடுப்பின் வேலை, கணினியில் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் வழிமறித்துப் பரிசோதிப்பது. நகல் மென்பொருளின் வேலையோ ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் திறந்து படிப்பது. முதற் காவற்காரன் ஒவ்வொரு கோப்பையும் நிறுத்திப் பார்க்கிறான். அவன் கையிலிருப்பதை இரண்டாமவன் பிடுங்கிப் பார்க்கிறான். அரைமணியில் முடிந்த நகல் அரை நாளில் முடிவதில்லை. விண்டோஸின் சொந்தக் காவலன் புதியவன் வந்ததும் பொதுவாக ஒதுங்கிக்கொள்வான். விலை கொடுத்து வாங்கிய இருவருக்கு அந்த மரியாதை கிடையாது.

இதனினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இக்காலத்துக் காவல் நிரல்கள், தெரிந்த வைரஸ்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் வேலை செய்வதில்லை. நடத்தையைப் பார்த்தும் சந்தேகிக்கின்றன. சிறிது நேரத்தில் ஏராளமான கோப்புகளை ஒரு நிரல் மாற்றி எழுதினால், அது பணயத் தீநிரலாக இருக்கலாம் என்று தடுத்துவிடுகின்றன. செப்டம்பர் 30, மார்ச் 31 ஆகிய நாட்களில் வட்டி கணக்கிடும்போது நம் பழைய கணக்கு மென்பொருள்கள் செய்யும் வேலை சரியாக அதுவே!

நான் குறிப்பிட்ட சங்கத்தில் நடந்ததும் இதுதான். சங்கத்தின் பெயரும் வேண்டாம், மென்பொருளின் பெயரும் வேண்டாம். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பழைய நகல் மென்பொருள் அங்கே பல ஆண்டுகள் தொல்லையின்றி உழைத்து வந்தது. அதற்கு இனி ஆதரவு கிடையாது என்று சொல்லி, விற்பனையாளர் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போனார். வைரஸ் தடுப்பு அதனோடு வந்திருப்பது பட்டியல் சீட்டில் ஒரு வரியாக இருந்தது. நிர்வாகக் குழுவில் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. செப்டம்பர் 30ஆம் நாள் வட்டி கணக்கிடத் தொடங்கிய சில நிமிடங்களில், கணக்கு மென்பொருளைப் புதிய காவற்காரன் பிடித்து ஒதுக்கி அடைத்துவிட்டான். வெளியே பயிர்க்கடனுக்காக அங்கத்தினர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். விற்பனையாளரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. மாலை வரை போராடிய எழுத்தர், வேறு வழியின்றி, புதிதாக வந்த தொகுப்பு முழுவதையும் கணினியிலிருந்து நீக்கிவிட்டார். கணக்கு ஓடிற்று, கடனும் பட்டுவாடா ஆயிற்று. காவற்காரனோடு நகல் எடுப்பவனும் வெளியேறிவிட்டான் என்பது அன்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த எழுத்தரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. இரண்டையும் பிரிக்க முடியாமல் கட்டி வைத்தவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது.

பிப்ரவரியில் கணினியின் தகடு பழுதாயிற்று. கடைசி நகல் செப்டம்பர் மாதத்தது. ரசீது அடிக்கட்டைகளும் செலவுச் சீட்டுகளும் இருந்ததால் ஏறக்குறைய ஐந்து மாதக் கணக்கை மறுபடி எழுத முடிந்தது. ஆனால் அதுவரை நகைக்கடன் பாக்கி எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல இயலாமையால் நகைகளைத் திருப்பித் தர முடியவில்லை. மாசி மாதத்து முகூர்த்தத்திற்காகப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நடந்த தாய் ஒருவரை நான் அந்தச் சங்கத்தின் திண்ணையில் கண்டேன். கையில் ரசீது வைத்திருந்தவர்கள் விரைவில் கரையேறினார்கள். அதைத் தொலைத்தவர்கள் அடிக்கட்டையில் தம் பெயர் அகப்படும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காவலே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் பொருள் கொள்ளலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம் பணயத் தீநிரலுக்கு ஆளானது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அதன் இணைப்பைத் துண்டித்தது. நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. காவல் அவசியம். ஆனால் அதே ஜூலை 19ஆம் நாள் நடந்ததையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் காவல் மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல் நிரல் கணினியின் உயிர்நிலை வரை கைவைத்து வேலை செய்வது. அது தவறினால் கணினியே விழும். அப்படி விழுந்த நாளில்தான் நகல் தேவைப்படுகிறது. நகலையும் அதே மென்பொருளின் மடியில் கட்டி வைத்தால், வைக்கோற்போருக்குத் தீ வந்த நாளில் விதைக்கோட்டையையும் அதற்குள்ளேயே வைத்திருந்தவன் நிலைமைதான்.

சட்டம் உதவாதா என்று கேட்கலாம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இத்தகைய கட்டிணைப்பு விற்பனையைக் குறிப்பிட்டே பேசுகிறது. எனினும் சந்தையில் போட்டிக்குக் கணிசமான கேடு விளைகிறது என்று காட்டினால்தான் அது பாயும். ஒரு சிறு சங்கத்திற்கு அது எட்டாத கொம்பு. எட்டியவர்கள் கண்ட பலனும் பெரிதன்று. விண்டோஸோடு பாட்டுக் கேட்கும் நிரலைக் கட்டி விற்றதற்காக ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, அந்நிரல் இல்லாத பதிப்பையும் விற்க உத்தரவிட்டது. நிறுவனம் அவ்வாறே விற்றது; விலையை மட்டும் குறைக்கவில்லை. அதே விலைக்குக் குறைந்த சரக்கை யார் வாங்குவார்? அப்பதிப்பு விலை போகவே இல்லை எனலாம்.

ஆகவே நிவாரணம் நம் தீர்மானப் புத்தகத்தில்தான் இருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும்போதே 'நகல் மட்டும். வைரஸ் தடுப்பு வேண்டா' என்று எழுத்தில் கேட்கலாம். சேர்த்துத்தான் தருவோம் என்றால், காவற் பகுதியை நிறுத்திவைத்து, கணக்கு மென்பொருளை விலக்குப் பட்டியலில் சேர்த்து, ஒருமுறை வட்டிக் கணக்கை ஓட்டிக் காட்டிய பிறகே பணம் என்று நிபந்தனை போடலாம். அதற்கும் முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கோப்புகளைப் பிரதி செய்யும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. தகடு முழுவதையும் அப்படியே படியெடுக்க, தைவான் நாட்டில் உருவான 'குளோன்சில்லா' என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முகப்பு அழகற்றதுதான். முதல் இரண்டு முறை தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பணயத் தீநிரலிலிருந்து நகலைக் காப்பதற்கு, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள வெளித் தகடுகள் இரண்டு போதும். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று என்று மாற்றி மாற்றி நகல் எடுத்து, வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றி வைத்த தகட்டை எந்தத் தீநிரலும் தொட முடியாது. அன்று பயன்படாத தகடு சங்கக் கட்டடத்தில் இருத்தலாகாது. மத்திய வங்கிக் கிளையின் பெட்டகமோ, மேட்டுப் பாங்கான இடத்திலுள்ள அண்டைச் சங்கமோ ஏற்றது. தகட்டில் அங்கத்தினர் விவரம் முழுவதும் இருப்பதால், கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, அச்சொல்லை உறையிலிட்டுத் தலைவரிடம் வைக்க வேண்டும்.

நகல் எடுத்தோம் என்று பதிவேட்டில் கையொப்பம் இட்டிருப்பதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். அந்த நகலைத் திறந்து பார்த்ததாக எழுதியிருப்பதை மிகச் சில இடங்களிலேயே பார்த்திருக்கிறேன். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் காரியதரிசியிடம் மூன்று விவரம் கேட்கலாம். கடைசியாக நகல் எடுத்த தேதி எது? அத்தகடு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது? அதிலிருந்து ஓர் அங்கத்தினரின் கணக்கைத் திறந்து, அவருடைய பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த நாள் எது? விடைகளை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்கச் சொன்னால், ஆய்வுக்கு வருகிறவர் அப்பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்.