இறக்கத்தில் கற்ற பாடம்



சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் இரண்டு ஓசைகள் ஓயாமல் காதில் விழும். ஒன்று, விசைத்தறிகளின் தடதடப்பு. மற்றொன்று, நூல் மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று விரையும் வண்டிகளின் இரைச்சல். மின்சாரம் தடைப்பட்டால் தறி அந்த இடத்திலேயே நின்றுவிடும். தறி ஓட்டுபவர் வெளியே வந்து சற்றுக் காற்று வாங்குவார். ஆனால், ஓடுகின்ற காரின் எஞ்சினை நிறுத்தினால் கார் நிற்பதில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை அடக்குவதற்கு நமக்குத் துணை செய்துகொண்டிருந்தவர்கள் மட்டும் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். இந்த வேறுபாட்டை நான் என் முப்பத்தாறாம் வயதில், மனைவி மக்களை உடன் வைத்துக்கொண்டு, ஒரு மலைப்பாதையில் கற்றேன்.

1996 ஆம் ஆண்டு மே மாதம் அது. நான் அப்போது பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். தலைமையாசிரியர் பதவி பின்னால் வந்தது. வேறொருவர் ஓட்டிய சிறு கார் ஒன்றை வாங்கி மூன்று மாதமே ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு வால்பாறைக்குப் போவதென்று முடிவு செய்து, பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி சென்று, அங்கிருந்து ஆழியாறு தாண்டி மலையேறினோம். அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. மறுநாள் இறங்கும்போதுதான் எனக்குச் சிக்கனப் புத்தி வந்தது. இறக்கத்தில் வண்டி தானே உருள்கிறதே, பெட்ரோலை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணி, கியரை நடுநிலைக்குத் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டேன். சாவியை உருவாமல் விட்டேன் என்பது ஒன்றே அன்று நான் செய்த நல்ல காரியம். அதுவும் தெரிந்து செய்ததன்று.

முதல் வளைவில் பிரேக் வழக்கம்போல் பிடித்தது. இரண்டாவதில் சற்றே இறுகியது. கீழே ஆழியாற்று நீர்ப்பரப்பு தெரியத் தொடங்கிய ஓரிடத்தில், அடுத்த வளைவுக்கு முன் பிரேக் மிதியை அழுத்தினேன். அது கருங்கல்லைப்போல் நின்றது. குழந்தைகள் சன்னல் வழியே அணையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கால்களாலும் மிதியை உதைத்தேன். வேகம் குறைந்தது; ஆனால் போதுமான அளவு குறையவில்லை. நல்ல காலமாக அவ்விடத்தில் மலைச்சுவர் எங்கள் இடப்புறம் இருந்தது. வண்டியை அந்தப் பக்கமாகத் திருப்பி, கைப்பிரேக்கையும் இழுத்தேன். இடப்பக்க முன்சக்கரம் மழைநீர்க் கால்வாயில் இறங்கிக் கல்லில் மோத, வண்டி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. என் மனைவி நெடுநேரம் ஒன்றுமே பேசவில்லை. அது எனக்குக் காயத்தைவிடக் கடுமையாக இருந்தது.

எங்களுக்குப் பின்னால் இறங்கிவந்த லாரியின் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். கியர் நடுநிலையில் இருப்பதைக் கண்டார். "ஏனுங் சார், எஞ்சினை நிறுத்திப்போட்டா எறக்குனீங்க? அதுதானுங்க பிரேக்குக்கே தெம்பு" என்றார். பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் விதியைப் பதின்மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். அது என் காலடியில் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஓட்டுநர் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அவர் சொன்னதன் பொருளைப் பார்ப்போம். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. நாம் மிதியை அழுத்தும்போது ஒரு சிறிய உருளையிலுள்ள பிரேக் எண்ணெய் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள பெரிய உந்துதண்டுகளைத் தள்ளுகிறது. சிறிய பரப்பில் கொடுத்த விசை பெரிய பரப்பில் பன்மடங்காகிறது. எனினும், ஓராயிரம் கிலோ எடையுள்ள வண்டியை அடக்க இதுவும் போதாது. ஆகவே மிதிக்கும் அந்த உருளைக்கும் இடையில் ஓர் உருண்டையான பெட்டியை வைத்திருக்கிறார்கள். பூஸ்டர் என்பது அதன் பெயர். அதன் நடுவே ஒரு ரப்பர்த் திரை உண்டு. ஓடுகின்ற பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், திரையின் ஒரு புறத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. (டீசல் எஞ்சினில் இதற்கென்று தனிப் பம்பு உண்டு.) நாம் மிதித்தவுடன் மறுபுறத்தில் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தும் வளிமண்டலமே நம் காலோடு சேர்ந்து மிதிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எஞ்சின் நின்றால் உறிஞ்சுதலும் நிற்கும். பெட்டிக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் தீர்ந்துபோகும். எனக்கு நேர்ந்தது இதுவே. பிரேக் கெட்டுப்போகவில்லை; துணையை இழந்துவிட்டது. நான் மிதியைத் திரும்பத் திரும்ப மிதித்து விளையாடியதுதான் அந்த மிச்சத்தையும் செலவழித்தது. இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, நின்றிருக்கும் காரில் எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கு முறை மிதித்துப் பாருங்கள், மிதி இறுகும். அதை அழுத்தியவாறே எஞ்சினை ஓடவிடுங்கள். மிதி காலுக்கடியில் சற்றே இறங்கும். அப்படி இறங்கவில்லையென்றால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்காரரை அழையுங்கள்.

நான் செய்த பிழை ஒன்றன்று, இரண்டு. கியரை நடுநிலையில் விட்டது இரண்டாவது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 750 மீட்டர் உயரம் இறங்கினால், அது விடும் ஆற்றல் எவ்வளவு என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண வெப்பநிலையிலுள்ள இருபத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. கியரில் இறங்கினால் அதில் ஒரு பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நடுநிலையில் இறங்கினால், காற்றுத் தடையும் சக்கரத் தேய்வும் ஏற்கும் பங்கு போக, எஞ்சியது முழுவதும் உள்ளங்கை அளவுள்ள பிரேக் கட்டைகளின் தலையில் விழுகிறது. அவை சூடேறினால் பிடிப்பு தளரும். அந்தச் சூடு எண்ணெய்க்கும் ஏறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய எண்ணெய்க்கு 140 பாகையே போதுமானதாகிவிடலாம். கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. நீர்மத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்கலாம். ஆகவே கல்லாக இறுகும் மிதி ஒரு நோய். பஞ்சாக அமிழும் மிதி வேறொரு நோய். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோல் சிக்கனம் என்பதும் இன்று பொருளற்றது. இக்கால எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

சாவியை உருவாதது நல்ல காரியம் என்றேன் அல்லவா? சாவியை எடுத்துவிட்டுச் சுழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். திருடனுக்காக வைத்த பூட்டு அது. உருளும் வண்டியில் அது நமக்கே விலங்காகும். என் காரில் ஸ்டியரிங்குக்குத் துணைவிசை கிடையாது. இன்றைய கார்களிலோ எஞ்சினோ மின்சாரமோ கைக்கு உதவுகிறது. அது நின்றால் சக்கரத்தைத் திருப்பத் தோள்வலிமை முழுவதும் வேண்டியிருக்கும்.

கால்வாயில் இறங்கிய சக்கரத்தை நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி வெளியே எடுத்தோம். பார்த்தால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று பகைத்துக்கொண்டவைபோல் வெவ்வேறு திசை நோக்கின. அவற்றைத் திருப்பும் இணைப்புத் தண்டு வளைந்திருந்தது. வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்லவேண்டும். ஆகவே உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பவேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே, 1818 இல், இதற்கான அமைப்புக்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் கணக்கு முழுவதும் அத்தண்டுகளின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு குழியில் சக்கரம் பலமாக விழுந்த பின் வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, அலட்சியம் செய்யாதீர்கள்.

லாரி ஓட்டுநர் டயரையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். "மழை பேஞ்சிருந்தா இந்த டயரு நின்னிருக்காதுங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. காரும் தரையும் சந்திக்கும் இடம், ஒரு சக்கரத்துக்கு ஒன்றாக, உள்ளங்கையளவு நான்கே துண்டுகள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் இந்த ஒரே முதலைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சமிராது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பூட்டுத்தடுப்புப் பிரேக், சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி பார்த்துக்கொள்கிறது. அப்போது மிதி காலுக்கடியில் அதிரும். அதிர்கிறதே என்று காலை எடுத்துவிடக் கூடாது. ஆனால் அதுவும் இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது.

நல்ல காய்ந்த சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் உணர்ந்து மிதிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, சுமார் 20 மீட்டரில் நிற்கும். வேகம் 80 ஆனால் 40 மீட்டர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று, ஏறத்தாழ 58 மீட்டர் வேண்டும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மழையில் அது 85 மீட்டராகவும் நீளலாம். டயரின் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் சட்டப்படியே தகுதியிழந்தது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது என்று பொருள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டும். 2321 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. காற்றுக் குறைந்த டயர் உருளும்போதெல்லாம் அமுங்கி நெளிந்து உள்ளே சூடேறும். நம் பக்கத்து நெடுஞ்சாலைகளில் கோடை நண்பகலில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் காற்றளவைப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானே தளரவிட்டு ஓரத்துக்கு வரவேண்டும்.

இனி வண்டியைக் கீழே கொண்டுபோகவேண்டும். என்னிடம் கயிறு இருந்தது. லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் போகலாமா என்று கேட்டேன். "மலையில கயிறு போட்டு எறக்கக் கூடாதுங்க" என்று அவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். கவலை இறைத்ததைப் பார்த்த என் தலைமுறையினருக்கு இது எளிதில் விளங்கும். தொய்ந்த வடம் திடீரென்று சுண்டினால் அறுந்துவிடும். அதைவிட முக்கியம், கயிறு இழுக்கும், தடுக்காது. இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியின்மீது உருண்டு ஏறாமல் காப்பது பின்வண்டியின் பிரேக் மட்டுமே. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கின் கதி என்ன என்பதை நான் அரை மணி நேரத்துக்கு முன்புதான் கண்டிருந்தேன். சமநிலத்தில் கயிறு கட்டுவதானாலும் பம்பரில் கட்டாமல், அதற்கென்று வைத்துள்ள கொக்கியில் கட்டவேண்டும். இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இழுபடும் வண்டியில் உரிமம் பெற்றவர் அமர்ந்திருக்கவேண்டும் என்று 1989 ஆம் ஆண்டுச் சாலை விதிகள் வகுத்தன. தானியங்கிக் கியர் வண்டியையும் மின்சாரக் காரையும் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் உள்ளுறுப்புகள் கெடும்; அவற்றை மேடை வண்டியில் ஏற்றிப் போவதே முறை.

அந்த ஓட்டுநர் கீழே போய்ப் பொள்ளாச்சிக்குச் சொல்லி அனுப்பினார். மாலையில் ஒரு கிரேன் வண்டி வந்து முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு சென்றது. பட்டறையில் பிரேக் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினார்கள். காப்பி டிகாக்ஷனைப் போல் கறுத்திருந்தது. எண்ணெயையும் தண்டையும் முன்டயர் இரண்டையும் மாற்றினேன். எஞ்சினை நிறுத்தி நான் மிச்சப்படுத்திய பெட்ரோல் அரை லிட்டர்கூட இராது.

அக்காரை மேலும் ஆறு ஆண்டுகள் வைத்திருந்தேன். வால்பாறைக்கு இரண்டு முறை போய்வந்தோம். நாற்பது வளைவுகளும் இரண்டாவது கியரில்தான்.