பாடியவர் யார்?

மதுச்சாலையொன்றில் வாடிக்கையாளர் ஒருவர் எழுந்து, ஒலிவாங்கியைக் கையிலேந்திப் பாடுகின்றார். குரல் அவருடையது, வாத்திய இசையோ ஒலிநாடாவினின்று வருவது. பாட்டை இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பணத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? யப்பானிய நீதிமன்றங்கள் இவ்வினாவோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடின.

‘கரோக்கே’ என்பதன் பொருள் ‘வெறும் வாத்தியக்குழு’ என்பதாம். கோபே நகரத்து வாத்தியக்காரரான டைசுக்கே இனோவே 1971இல் இதற்கென ஒரு பொறியைச் சமைத்தார், காப்புரிமை பெற்றாரல்லர். பிறர் அதுபோற் செய்து பெரும்பொருள் ஈட்டினர். பொறியைப் படைத்தவருக்கு உரிமைப்பணமாக ஒரு சதமேனும் கிட்டவில்லை. பாட்டைப் படைத்தவருக்கும் அக்கதிதானா?

1939இல் தோன்றிய யஸ்ராக் என்னும் இசையுரிமைச் சங்கம், கட்டணஞ் செலுத்தாத மதுச்சாலைகள்மீது வழக்குத் தொடுத்தது. ஆங்கே ஒரு சிக்கல். பதிவு செய்த இசையை ஒலிக்கச் செய்வதற்கு அக்காலச் சட்டம் பெரும்பாலும் விலக்களித்திருந்தது. நாடாவைப் பிடிக்க இயலாது, பாடுதலையே பிடிக்கவேண்டும். களிப்புக்காகப் பாடுபவரிடம் பணங் கேட்பது எங்ஙனம்?

‘கிளப் கற்ஸ் ஐ’ என்னும் மதுச்சாலை பற்றிய வழக்கில், 1988 மார்ச் 15ஆந் திகதி உச்சநீதிமன்றம் விடை பகர்ந்தது. நாடாக்களை வைத்தவரும், பாடத் தூண்டியவரும், அதனால் ஆதாயந் தேடியவரும் கடைக்காரரே. ஆதலின், சட்டத்தின் கண்ணில் பாடியவரும் அவரே! வாய் திறவாதவரைப் பாடகராக்கிய தீர்ப்பென்று தருக்கநூல் வல்லார் நகைக்கலாம். எனக்கோ அது நியாயமாகவே படுகின்றது. பாட்டினால் விற்பனையாகும் மதுவுக்கு விலை வாங்குகின்றவர், பாட்டுக்கும் விலை கொடுத்தலே முறை. நாடாவுக்கிருந்த விலக்கையும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நீக்கிற்று.