10 ரூபாய் டிக்கெட்டுக்கு மீதிக் காசு யார் போடுறாங்க?

போன வாரம் நண்பர்களோட பழவேற்காடு போய், லைட்ஹவுஸ் குப்பத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு, ஞாயிறு காலையில பஸ் பிடிச்சு பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்தோம். சென்ட்ரலுக்கு லோக்கல் டிக்கெட் 10 ரூபாய். பக்கத்துல மீன் கூடையோட ஒரு அக்கா நின்னுட்டு இருந்தாங்க. "வண்டி லேட்டாக்கா?"ன்னு கேட்டேன். "கூட்ஸ் போவணும், எக்ஸ்பிரஸ் போவணும், அப்பால தான் தம்பி நம்ம வண்டி. ஐஸ் கரையறது அவங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க.

இன்னைக்கு எபிசோடே அந்தப் பதில்தான். சென்னையிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் நாலு தண்டவாளம் இருக்கு. அதைத் தாண்டி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் ரெண்டுதான். விஜயவாடா வழியா டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போற எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில், லோக்கல் எல்லாம் அதுலதான் ஓடியாகணும். யாருக்கு முதல்ல சிக்னல் கிடைக்கும், யார் காசு கொடுப்பாங்க என்பதுதான் ரயில்வே பொருளாதாரம்.

முதல்ல காசு. ஒரு பயணியைக் கொண்டுபோக ரயில்வேக்கு 100 ரூபாய் செலவானா, டிக்கெட்ல சராசரியா 54 ரூபாய்தான் வசூலாகுதுன்னு அரசே சொல்லியிருக்கு. 2022-23ல மட்டும் இப்படி விழுந்த துண்டு 56,993 கோடி ரூபாய். அதே வருஷம் பயணிகள் மூலமா வந்த வருமானம் சுமார் 63,000 கோடி. சரக்கு மூலமா சுமார் 1.62 லட்சம் கோடி. சரக்குல பாதிக்குப் பக்கம் நிலக்கரி. ஆக, அந்த அக்காவோட டிக்கெட்டுக்கு மீதிக் காசு போடுறது, அவங்களைக் காக்க வெச்சுட்டுப் போன அந்த கூட்ஸ் வண்டிதான்!

இதுக்கு கிராஸ் சப்சிடின்னு பேரு. கேட்க நல்லா இருக்கும். ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு. பயணிகள் பக்கம் விழுற துண்டைச் சரிக்கட்ட சரக்குக் கட்டணத்தை ஏத்திக்கிட்டே போனா, சரக்கு லாரிக்குப் போயிடும். சுதந்திரம் வந்த புதுசுல நாட்டோட சரக்குப் போக்குவரத்துல 80 சதவீதத்துக்கும் மேல ரயில்ல போச்சு. இப்போ கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. 2030க்குள்ள அதை 45 சதவீதமாக்கணும்னு தேசிய ரயில் திட்டம் சொல்லுது.

"சரி, தனியாரை விட்டா போட்டி வரும், விலை குறையும்"னு நீங்க கேட்கலாம். ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு.

முதல் தடவை 2006ல. அதுவரைக்கும் கன்டெய்னர் ரயில் ஓட்டினது கான்கார்ங்கிற அரசு நிறுவனம் மட்டும்தான். அந்த வருஷம் தனியாருக்கும் கதவு திறந்தாங்க. ஆனா தண்டவாளம், இன்ஜின், ஓட்டுநர், அதுக்கான கட்டணம் எல்லாம் ரயில்வே கையில. நிலக்கரி, தாது மாதிரி சரக்கை அவங்க ஏத்தக் கூடாதுன்னும் விதி. ரயில்வேக்குச் சோறு போடுற பானையே அதுதானே, எப்படி விட்டுக் கொடுப்பாங்க?

ரெண்டாவது, 2020 ஜூலை. 109 வழித்தடம், 151 தனியார் பயணிகள் ரயில், 30,000 கோடி முதலீடுன்னு அறிவிப்பு வந்துச்சு. நாட்டை 12 தொகுப்பா பிரிச்சதுல சென்னையும் ஒண்ணு. கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவு பண்ணிக்கலாம். 2021ல டெண்டர் திறந்தா, விலை கேட்டு வந்தது ரெண்டே பேர். அதுல ஒண்ணு ரயில்வேயோட சொந்தப் பிள்ளை ஐஆர்சிடிசி! கடைசியில அந்த டெண்டரே ரத்து.

ஏன் யாரும் வரலை? காரணம் பல இருக்கும். எனக்குப் பெருசா படுறது ஒண்ணுதான். கிரிக்கெட்ல பேட்ஸ்மேனே அம்பயராவும் இருந்தா நீங்க பந்து போடுவீங்களா? தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் ரயில்வே, போட்டியாளரும் ரயில்வே, தகராறு வந்தா தீர்ப்பு சொல்லறதுக்குத் தனி அதிகாரம் உள்ள அமைப்பு இல்லை.

இப்போ இன்னொரு பக்கம். தனியார் வந்திருந்தா எந்த ரயிலை எடுத்திருப்பாங்க? நிச்சயமா பொன்னேரி லோக்கல் இல்லை. லாபம் வர்ற ரயிலைத்தான் எடுப்பாங்க, அது அவங்க தப்பும் இல்லை. ஆனா லாபமெல்லாம் அங்க போயிட்டா, இங்க 10 ரூபாய் டிக்கெட்டுக்கு மீதிக் காசு எங்கிருந்து வரும்?

இத்தாலி இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. 2012லிருந்து ரோம்-மிலான் அதிவேக ரயில்ல இட்டாலோங்கிற தனியார் நிறுவனம் அரசு நிறுவனத்தோட போட்டி போடுது. தண்டவாளத்தைப் பார்த்துக்கிறது வேற நிறுவனம். உள்ளூர் ரயில்ல நஷ்டம் வரும்னு தெரியும். அதனால அந்தந்த மாகாண அரசு ஒப்பந்தம் போட்டு நேரடியா காசு கொடுக்குது. இத்தனை வண்டி, இத்தனை மணிக்கு, இவ்வளவு பணம்னு எழுத்துல இருக்கும்.

நம்ம ஊர்லயும் அரசுப் பணம் வருது. 2023-24 பட்ஜெட்ல ரயில்வேக்கு 2.4 லட்சம் கோடி ஒதுக்கினாங்க. ஆனா அது புதுப் பாதை, பெட்டி, இன்ஜின் மாதிரி முதலீட்டுக்கு. லோக்கல் டிக்கெட்ல விழுற துண்டு சரக்குக் கணக்குக்குள்ள மறைஞ்சு போயிடுது. மறைஞ்சு இருக்கிறதால ரயில்வே அதைச் சுமையாப் பார்க்குது, நாமளும் உரிமையாக் கேட்கிறதில்லை.

என் கருத்து இதுதான். போட்டி வரட்டும், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை நடக்கணும். தனி அம்பயர் ஒருத்தர் வரணும். லோக்கல் ரயிலுக்கு ஆகுற செலவை பட்ஜெட்ல தனி வரியா எழுதி அரசு கொடுக்கணும். காசு கொடுத்து வாங்குற சேவைன்னு ஆயிட்டா, "வண்டி ஏன் லேட்டு?"ன்னு கேட்க ஆள் இருக்கும். அத்திப்பட்டுக்கு அப்பால மூணாவது, நாலாவது பாதை எங்கன்னும் கேட்கலாம்.

அன்னைக்கு கூட்ஸ் போச்சு, எக்ஸ்பிரஸ் போச்சு, அப்புறம் நம்ம லோக்கல் வந்துச்சு. அக்கா கூடையைத் தூக்கிட்டு வெண்டர் பெட்டிக்கு ஓடினாங்க. கீழே தண்ணி சொட்டிக்கிட்டே போச்சு.

உங்க லைன்ல கதை எப்படி? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.