ரீல்ஸ் எப்படிப் பரவுகிறது?

2013-இல் வந்த ‘வைன்’ செயலியில் ஒரு வீடியோவின் நீளம் 6 நொடிதான். பெரும்பாலும் ஒருவர் யாரையெல்லாம் பின்தொடர்ந்தாரோ அவர்களுடைய வீடியோதான் அவர் கண்ணில் பட்டது. சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் 2016-இல் தொடங்கிய டௌயின், அதன் வெளிநாட்டு வடிவமான டிக்டாக் ஆகியவை இந்த முறையைத் தலைகீழாக்கின. எதைக் காட்டுவது என்பதைப் பார்ப்பவரின் விரலசைவை வைத்தே கணினி முடிவு செய்தது. ஃபாலோயர் எண்ணிக்கை தங்கள் பரிந்துரையில் நேரடிக் காரணி அல்ல என்று டிக்டாக் 2020-இல் வெளிப்படையாகவே சொன்னது. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியா அதைத் தடை செய்ய, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் சோதனை வடிவில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே நுழைந்தன. இரண்டும் பின்பற்றுவது அதே முறையைத்தான்.

புதிதாக ஏற்றப்படும் வீடியோவைப் பற்றிக் கணினிக்கு எந்த முன்வரலாறும் கிடையாது. அதனால் முதலில் அது சிலருக்கு மட்டும் காட்டப்படுகிறது. அவர்கள் உடனே தள்ளிவிட்டார்களா, கடைசிவரை பார்த்தார்களா, மறுபடி ஓடவிட்டார்களா, யாருக்காவது அனுப்பினார்களா என்று அளக்கப்படுகிறது. தேறினால் அடுத்து இன்னும் பெரிய கூட்டம். தேறாவிட்டால் அங்கேயே நின்றுபோகும். அந்த முதல் கூட்டத்தில் இத்தனை பேர்தான் என்று அடித்துச் சொல்லும் ‘நிபுணர்கள்’ இணையத்தில் ஏராளம். நிறுவனங்கள் அந்தக் கணக்கை வெளியிடுவதில்லை என்பதால் அவையெல்லாம் ஊகங்களே.

மெதுவாகச் சுற்றும் மின்விசிறியைச் சரிசெய்யும் 30 நொடி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். “வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு வரவேற்கிறேன்” என்று தொடங்கினால், விஷயம் வருவதற்குள் பாதிப்பேர் போய்விடுவார்கள். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றும் விசிறி முதல் காட்சியிலேயே தெரிந்து, “மோட்டார் போகல, சின்ன கண்டன்சர்தான் போயிருக்கு” என்று குரல் வந்தால், வீட்டில் அப்படியொரு விசிறி உள்ளவர் நகர மாட்டார். பிறகு மெயினை அணைப்பது, பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவைப் பார்ப்பது, அதே அளவில் புதியதை மாட்டுவது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு அண்மைக்காட்சி போதும். ஸ்க்ரூ டிரைவர் தேடும் நேரத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம். விசிறி வேகமெடுத்ததும் வீடியோ முடிய வேண்டும். நன்றியுரை வைத்தால், முடியப்போகிறது என்று தெரிந்து விரல் மேலே தள்ளிவிடும். நன்றியுரை இல்லாமல் சட்டென்று முடிந்தால் வீடியோ தானாக மறுபடி தொடங்கும். சிலர் இரண்டாம் முறையும் பார்ப்பார்கள். சராசரிப் பார்வை நேரம் வீடியோ நீளத்தின் 100 சதவீதத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால் பேச்சு எழுத்தாகவும் திரையில் வர வேண்டும். செங்குத்தான 9:16 சட்டத்தின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்களும் விவரக்குறிப்பும் மறைத்துவிடும். அந்த இடத்தில் எழுத்தை வைத்தால் வீண்.

பார்ப்பது வேறு, பகிர்வது வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் இருவரும் நியூயார்க் டைம்ஸின் சுமார் 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் ஆகியவற்றைக் கிளப்பியவை அதிகம் அனுப்பப்பட்டன. சோகம் பரவலைக் குறைத்தது. வீடியோவைப் பற்றிய ஆய்வு அல்ல இது. ஆனாலும் ரீல்ஸில் இத்தனை சண்டை ஏன் என்பதற்கு இதில் விடையுண்டு.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் வைரலாகும் என்ற உறுதி கிடையாது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் அதிகமானோருக்கு அறிமுகமில்லாத 48 பாடல்கள் தரப்பட்டன. பிறர் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று காட்டிய எட்டுத் தனித்தனிக் குழுக்களிலும் வெற்றிப் பட்டியல் வெவ்வேறாக அமைந்தது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நேரலாம் என்ற நிலை.

வியூஸ் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று 2025 மார்ச்சில் யூடியூப் கணக்கை மாற்றியது. பழைய எண்களோடு அதை ஒப்பிட முடியாது. வீடியோ எடுப்பவருக்கு உதவுவது, நொடிக்கு நொடி எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் வரைபடம்தான். அதில் 11-வது நொடியில் கோடு சட்டென்று சரிந்தால், அந்த நொடியில் திரையில் என்ன ஓடியது என்று பார்த்து அடுத்த வீடியோவில் அதைத் தவிர்க்கலாம்.