மூன்று முறை சாம்பியன், அதன்பின் அணியே இல்லை: அல்க்மார் பெண்கள் கால்பந்தின் கதை

2011-இல் நெதர்லாந்துப் பெண்கள் கால்பந்துக் கோப்பையை வென்ற அணி, அடுத்த சீசனில் களமிறங்கவே இல்லை. ஏ.இசட் அல்க்மார் என்ற அந்த அணி இருந்ததே நான்கு சீசன்கள்தான். அதற்குள் 2008, 2009, 2010 என வரிசையாக மூன்று லீக் பட்டங்களையும், கடைசியாக இந்தக் கோப்பையையும் கைப்பற்றியிருந்தது. நாட்டின் மிக வெற்றிகரமான பெண்கள் அணியை அதன் தாய்க் கிளப்பே ஏன் கலைத்தது? இதற்கு விடை தேட, அந்த அணி தொடங்கிய காலத்துக்கும் முன்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆண்கள் கால்பந்தில் உலகத்துக்கே பாடம் நடத்திய நெதர்லாந்து, பெண்களிடம் நெடுங்காலம் கஞ்சத்தனமாகவே நடந்துகொண்டது. 1896-இல் ரோட்டர்டாமின் ஸ்பார்டா கிளப், ஆங்கிலேயப் பெண்கள் அணியுடன் ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தபோது, தேசியச் சங்கம் அதைத் தடுத்துவிட்டது. 1955-இல் பெண்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கே.என்.வி.பி. எனப்படும் தேசியச் சங்கமோ அவர்களை ஏற்க மறுத்தது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ வலியுறுத்திய பிறகு, 1971-இல்தான் கதவு திறந்தது.

திறந்த பிறகும் பெண்கள் கால்பந்தை வளர்த்தவை பெரிய கிளப்புகள் அல்ல, சிறிய ஊர்களின் அமெச்சூர் கிளப்புகள்தாம். சாசன்ஹைமின் டெர் லேடே, ஸைஸ்டின் சாஸ்டும் ஆகிய இரண்டும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் லீக்கை மாறி மாறி ஆண்டன. பின்னாளில் நெதர்லாந்தையும் இங்கிலாந்தையும் ஐரோப்பிய சாம்பியனாக்கிய பயிற்சியாளர் சரினா வீக்மன் டெர் லேடேயில் ஆடியவர்.

2007-இல் ஏற்பாடு தலைகீழாக மாறியது. அப்போது தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த வேரா பாவ் போன்றவர்கள் வற்புறுத்தியதால், பெண்களுக்கான எரெடிவிசி லீக் பிறந்தது. ஏ.இசட், ட்வென்டே, ஹீரன்வீன், உட்ரெக்ட், ஏ.டி.ஓ. டென் ஹாக், வில்லெம்-2 என்ற ஆறு தொழில்முறைக் கிளப்புகள் பெண்கள் அணி தொடங்கின. புல்தரை, மருத்துவர், உடற்பயிற்சி நிபுணர் என்று ஆண்கள் அணிக்கு ஏற்கெனவே இருந்த வசதிகளைப் பெண்களுக்கும் கொடுப்பதுதான் திட்டம். ஊர்க் கிளப்புகளின் சிறந்த வீராங்கனைகள் இந்த ஆறு அணிகளுக்கும் போய்விட்டார்கள். அவர்களை வளர்த்த கிளப்புகளால் அந்த லீக்குக்குள் நுழைய வழியில்லை. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் இல்லாத, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமேயான லீக் அது.

இந்த ஏற்பாட்டில் பலன் இருந்தது, மறுக்க முடியாது. லீக் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 2009-இல், நெதர்லாந்துப் பெண்கள் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்று அரையிறுதி வரை போனார்கள். ஆனால் அதற்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. இனி ஒரு பெண்கள் அணியின் ஆயுளை அதன் ஆட்டம் தீர்மானிக்காது, ஆண்கள் கிளப்பின் கணக்குப் புத்தகம்தான் தீர்மானிக்கும்.

அல்க்மார், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, பாலாடைக்கட்டிச் சந்தைக்குப் பேர்போன ஊர். அங்கே பயிற்சியாளர் எட் எங்கெல்கெஸ் கட்டிய பெண்கள் அணியில், தேசிய அணியின் தூணாக இருந்த தற்காப்பு வீராங்கனை டாஃப்னே கோஸ்டரும் இருந்தார். அவர் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 139. அன்றைய வீராங்கனைகளில் பெரும்பாலோர் படித்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ ஆடியவர்கள். முழுநேரச் சம்பளம் அரிது. அப்படி ஆடித்தான் புதிய லீக்கின் முதல் மூன்று பட்டங்களையும் வேறு யாருக்கும் விடாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஏ.இசட் கிளப்பின் பணப்பெட்டி டிர்க் ஸ்கெரிங்கா என்ற தொழிலதிபரிடம் இருந்தது. அவர் சிறு நிறுவனமாகத் தொடங்கி வளர்த்ததுதான் டி.எஸ்.பி. வங்கி. 2006-இல் திறந்த புதிய மைதானத்துக்கு அந்த வங்கியின் பெயரைத்தான் வைத்தார்கள். 2009-இல் லூயி வான் காலின் பயிற்சியில் ஆண்கள் அணி, 28 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. அதே ஆண்டு பெண்களும் சாம்பியன்கள். ஒரே ஊரில் இரண்டு பட்டங்கள்!

கொண்டாட்டம் ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அக்டோபர் 1 அன்று, வங்கியால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய பீட்டர் லாக்கெமன் தொலைக்காட்சியில் தோன்றி, டி.எஸ்.பி.யில் போட்ட பணத்தை எடுத்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். கோடிக்கணக்கான யூரோ வெளியேறியது. அக்டோபர் 19 அன்று நீதிமன்றம் வங்கி திவாலானதாக அறிவித்தது. மைதானத்திலிருந்து வங்கியின் பெயர் இறங்கியது. பிறகு ஆஃபாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பெயர் ஏறியது.

அந்தக் கொந்தளிப்பு நடந்துகொண்டிருந்த சீசனிலேயே பெண்கள் மூன்றாவது பட்டத்தை வென்றார்கள். ஆண்கள் அணி 5-ஆம் இடம். ஆனாலும் சிக்கனம் என்று வந்தபோது கத்தரி விழுந்தது பெண்கள் அணியின் மேல். வீட்டில் பணமுடை வந்தால் முதலில் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துவார்களே, அதேபோலத்தான் இதுவும் நடந்தது. அவள் வகுப்பில் முதல் மாணவி என்பது கணக்கில் வரவில்லை. 2010-11 சீசனோடு அணி கலைந்தது.

அல்க்மார் தனியாக இல்லை. முதல் ஆறு அணிகளுக்குப் பின்னால் சேர்ந்த ரோடா ஜே.சி. ஒரே ஒரு சீசனில் வெளியேறியிருந்தது. ஏ.இசட் விலகிய அதே 2011-இல் வில்லெம்-2 விலகியது. அடுத்த ஆண்டு வி.வி.வி. வென்லோ, 2014-இல் உட்ரெக்ட். ஒருவர்கூட ஆட்டத்தில் தோற்று லீக்கை விட்டு வெளியேறவில்லை.

கலைந்த அல்க்மார் அணியின் பலருக்கு, பக்கத்து வெல்சனில் இருந்த சிறிய கிளப்பான டெல்ஸ்டார் இடம் கொடுத்தது. கோஸ்டரும் தேசிரே வான் லுன்டரனும் அங்கே போனார்கள். 2012-இல் அயாக்ஸ் பெண்கள் அணி தொடங்கியதும், இருவரும் அங்கே சேர்ந்தார்கள். வான் லுன்டரன் பின்னாளில் தேசிய அணியின் வலப்புறத் தற்காப்பு வீராங்கனையானார். 2017 ஆகஸ்ட் 6 அன்று என்ஸ்கெடேயில் 28,182 பேர் முன்னிலையில் டென்மார்க்கை 4-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியில் அவரும் இருந்தார். அவரை ஆட வைத்த கிளப் ஒன்று, செலவு கட்டுப்படியாகவில்லை என்று கதவைச் சாத்தியிருந்தது. அந்தக் கோப்பையைப் பார்த்து அல்க்மாரில் யாராவது வருந்தியிருந்தால் நியாயம்தான்.

அதே 2017-இல் டெல்ஸ்டாரும் கையை விரித்தது. அப்போது வி.வி. அல்க்மார் என்ற பெயரில், எந்த ஆண்கள் கிளப்பின் நிழலும் இல்லாத தனி அணியாகப் பெண்கள் கால்பந்து அந்த ஊருக்குத் திரும்பியது. பெரிய முதலாளி இல்லாமல், பட்டம் வெல்லும் வலு இல்லாமல், ஆனாலும் லீக்கை விட்டுப் போகாமல் தாக்குப்பிடித்தார்கள். என்னைப் பொறுத்தவரை, மூன்று பட்டங்களுக்கு நிகரான சாதனை அது. பின்னர் ஏ.இசட் அந்த அணியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2023-24 சீசனில் 12 அணிகள் ஆடிய எரெடிவிசியில் ஏ.இசட் பெயர் மறுபடியும் இருந்தது. உட்ரெக்டும் அந்த ஆண்டு திரும்பி வந்தது.

பணம் இல்லாதபோது வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, என்ஸ்கெடேயில் இருக்கிறது பதில். அந்த ஊரின் ட்வென்டே கிளப்பும் கடுமையான நிதி நெருக்கடியில் சிக்கியது. முதலீட்டு நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்துக்காக, ஐரோப்பியப் போட்டிகளில் ஆட அதற்கு மூன்று ஆண்டு தடையும் வந்தது. 2018-இல் ஆண்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அத்தனைக்கும் நடுவில் பெண்கள் அணியை அவர்கள் கைவிடவில்லை. 2019-இல் அந்தப் பெண்கள் மறுபடியும் சாம்பியன் ஆனார்கள். இன்று நெதர்லாந்தில் அதிக லீக் பட்டங்கள் வைத்திருக்கும் பெண்கள் அணி ட்வென்டேதான். அல்க்மார் தொடர்ந்து நடத்தியிருந்தால் அந்த இடத்துக்குப் போட்டி இருந்திருக்கும்.

இரண்டு கிளப்புகளுக்கும் பணமுடை வந்தது. எதை முதலில் வெட்டுவது என்ற முடிவில்தான் வேறுபட்டார்கள். எனவே, ஒரு பெரிய கிளப் பெண்கள் அணி தொடங்கும் செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, பயிற்சியாளர் யார், சீருடை எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.